பெனிடோர்மில் கடற்கரை விடுமுறை: மாதம் தேர்வதிலிருந்து திரும்பும் நாள் வரை முழு வழிகாட்டி

பெனிடோர்ம் போகிறேன் என்று சொன்னால் உடனே இரண்டு விதமான பேச்சு காதில் விழும். "அங்கேயா, அது குடித்துவிட்டுக் கூத்தடிக்கிற ஊராச்சே" என்று முகம் சுளிப்பவர்கள் ஒரு பக்கம், வருடா வருடம் அதே ஹோட்டலில் அதே மாடியில் அறை கேட்டு வாங்கிக்கொண்டு போகிறவர்கள் இன்னொரு பக்கம். இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான், அவர்கள் பார்த்த தெருக்கள்தான் வேறு. நாலு தெரு தள்ளித் தங்கினால் இங்கே விடுமுறையே வேறாகிவிடும். அதனால்தான் தங்கும் இடத்தைப் பற்றி நிறையவே எழுதியிருக்கிறேன். அதையும் போகிற மாதத்தையும் சரியாக முடிவு செய்துவிட்டால் மிச்சத்தையெல்லாம் இந்த ஊரில் காலால் நடந்தே முடித்துவிடலாம்.

எப்படி நடந்தே முடிக்க முடியும் என்றால், ஊர் வளர்ந்த விதம் அப்படி. ஸ்பெயினின் கிழக்குக் கரையில், அலிகாந்தே மாகாணத்தில், கோஸ்தா பிளாங்கா என்று சொல்லும் கடலோரத்தில் இருக்கிற இந்த ஊர் 1950கள் வரை மீனவ ஊர். சூரை மீனுக்குப் பெரிய நிலைவலை போடுவதில் இந்த ஊர்க்காரர்கள் கெட்டிக்காரர்கள், நாட்டின் மற்ற கரைகளுக்கும் வலைத்தலைவர்களாகப் போய் வேலை பார்த்தவர்கள். பெனிடோர்மில் அந்த வலை கடைசியாகப் போடப்பட்டது 1952இல். அப்போது மேயராக இருந்தவர் பெத்ரோ சரகோசா ஓர்ட்ஸ், 1950 முதல் 1967 வரை அவர்தான். நாடே பிகினியைத் தடை செய்திருந்த காலத்தில் தன் ஊர்க் கடற்கரையில் அதை அனுமதித்தவர், எதிர்ப்பு வந்ததும் வெஸ்பா ஸ்கூட்டரிலேயே மாட்ரிட் வரை போய் அன்றைய சர்வாதிகாரி பிராங்கோவைப் பார்த்துப் பேசிவிட்டு வந்தார் என்று ஊரில் இன்றைக்கும் சொல்வார்கள். 1956இல் ஊர் முழுக்க ஒரு திட்ட வரைபடம் போட்டார்கள், பிறகு உயரக் கட்டுப்பாட்டையும் எடுத்தார்கள். மற்ற கடலோர ஊர்கள் பக்கவாட்டில் மைல் கணக்கில் பரவியபோது இது மேல்நோக்கி வளர்ந்தது. 186 மீட்டர் உயர கிரான் ஹோட்டல் பாலி 2002இல் திறந்தது. இரண்டு கோபுரங்கள் உச்சியில் சேர்ந்து நிற்கிற, கிட்டத்தட்ட 200 மீட்டர் உயர இன்டெம்போ 2007இல் கட்டத் தொடங்கி, பொருளாதார நெருக்கடியில் பல வருடம் பாதியில் நின்று, 2021இல்தான் முடிந்தது. படத்தில் பார்க்கும்போது இந்தக் கட்டடக் காடு பலருக்குப் பிடிப்பதில்லை. ஆனால் அங்கே போய்க் காலையில் செருப்பை மாட்டிக்கொண்டு லிஃப்டில் இறங்கி ஐந்து நிமிஷத்தில் தண்ணீரில் கால் வைக்கும்போது அதன் அருமை தெரியும்.

முதல் படி: எந்த மாதம்?

உங்களுக்கு லீவு எப்போது கிடைக்கிறதோ அப்போதுதான் போக முடியும், அது புரிகிறது. ஆனால் தேர்வு உங்கள் கையில் இருந்தால் மே கடைசியிலிருந்து ஜூன் நடு வரை, இல்லையென்றால் செப்டம்பர். என்னைக் கேட்டால் செப்டம்பர்தான். கோடை முழுக்கச் சூடேறிய கடல் அப்போதும் வெதுவெதுப்பாகவே இருக்கும், பள்ளிக்கூடங்கள் திறந்துவிட்டதால் கூட்டம் வடிந்திருக்கும், ஹோட்டல் கட்டணமும் இறங்கியிருக்கும். ஒரே ஒரு கவலை மழை. செப்டம்பர் பிற்பகுதியிலும் அக்டோபரிலும் இந்தக் கரையில் சில வருடம் ஒரே நாளில் கொட்டித் தீர்க்கும், ஸ்பெயின்காரர்கள் அதை "தானா" (DANA) என்று சொல்வார்கள். எச்சரிக்கை வந்த அன்றைக்கு மலைப்பக்கமும் ஓடைப்பக்கமும் போகாமல் அறையிலேயே இருங்கள்.

ஆகஸ்டில் பகலில் 30 டிகிரியைத் தாண்டும், கடல் 26 டிகிரி வரை இருக்கும், லெவாந்தே கடற்கரையில் துண்டு விரிக்க இடம் தேட வேண்டியிருக்கும். கூட்டம் பிடிக்கும், இரவு வெகுநேரம் வெளியே சுற்றப் பிடிக்கும் என்றால் தாராளமாகப் போங்கள். ஜனவரி, பிப்ரவரியில் பகல் 16, 17 டிகிரி, வெயில் இருக்கும், கடல்தான் சில்லென்று 14 டிகிரிக்கு வந்துவிடும். குளிக்க முடியாது, நடக்க அருமை. அந்த மாதங்களில் ஊரில் ஸ்பானிய முதியவர்கள் நிறைந்திருப்பார்கள், அரசு நடத்தும் இம்செர்சோ திட்டத்தில் மலிவு விலையில் குழுகுழுவாக வந்து தங்குவார்கள். வயதான அப்பா அம்மாவை ஐரோப்பாவுக்கு அழைத்துப்போக நினைப்பவர்கள் இந்தக் குளிர்காலப் பெனிடோர்மை யோசித்துப் பார்க்கலாம். கடற்கரை நடைபாதை முழுக்கச் சமதரை, எங்கு பார்த்தாலும் பெஞ்சு, மின்சார நாற்காலி வண்டிகளும் வாடகைக்குக் கிடைக்கும்.

திருவிழா பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு மார்ச் 19ஐ ஒட்டி ஃபாயாஸ், ஜூன் 23 இரவு சான் ஹுவான் நெருப்பு, நவம்பரில் ஊரின் காவல் மாதாவுக்கான பெரிய விழா. நவம்பர் விழா முடிந்த கையோடு வருகிற வியாழக்கிழமை பிரிட்டிஷ்காரர்கள் ஆயிரக்கணக்கில் மாறுவேஷம் போட்டுத் தெருவில் இறங்குவார்கள். அந்த வாரம் அறை கிடைப்பது கஷ்டம், தூக்கம் கிடைப்பது அதைவிடக் கஷ்டம்.

இரண்டாம் படி: எங்கே தங்குவது?

வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள். கடலுக்குள் மூக்குப் போல நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு சிறு பாறை முனை தெரியும். அதன் மேல் பழைய ஊர். அதற்குக் கிழக்கே சுமார் 2 கிலோமீட்டர் நீளத்துக்கு லெவாந்தே கடற்கரை, மேற்கே சுமார் 3 கிலோமீட்டருக்கு போனியெந்தே. நடுவில் பாறையின் மடியில் மல் பாஸ் என்ற சின்னஞ்சிறு கரை. இந்த மூன்றையும் மனதில் வாங்கிக்கொண்டால் ஊரில் வழி தவற வாய்ப்பே இல்லை.

லெவாந்தேயின் பின்புறத் தெருக்கள்தான் ஊரின் பேரை ஒரு பக்கம் வளர்த்தும் ஒரு பக்கம் கெடுத்தும் வைத்திருப்பவை. கயே ஹெரோனா, கயே மல்லோர்கா, கயே இபிசா (கயே என்றால் தெரு) இவற்றைச் சுற்றிய பகுதியில் பிரிட்டிஷ் பார்கள் வரிசையாக இருக்கும், கல்யாணத்துக்கு முந்தைய பார்ட்டிக்கு வரும் கும்பல்கள் ஒரே மாதிரிச் சட்டை போட்டுக்கொண்டு விடியும் வரை பாடிக்கொண்டிருக்கும். நண்பர்களோடு அதற்காகவே போகிறீர்கள் என்றால் இதைவிட நல்ல இடம் இல்லை. குழந்தையோடு போகிறவர்கள் இங்கே அறை எடுத்துவிட்டு ஊரைத் திட்டக்கூடாது. ஹோட்டலின் இணையப் பக்கத்தில் படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் முகவரியை வரைபடத்தில் போட்டு, இந்தத் தெருக்களிலிருந்து எத்தனை தெரு தள்ளியிருக்கிறது என்று எண்ணிப் பார்த்த பிறகே பணம் கட்டுங்கள்.

லெவாந்தேயின் கிழக்குக் கடைசி ரின்கோன் தே லோயிஷ். அங்கே தெருக்கள் மலையை நோக்கி ஏறும். "கடற்கரையிலிருந்து 400 மீட்டர்" என்று போட்டிருப்பார்கள், அந்த 400 மீட்டரும் ஏற்றமாக இருக்கலாம் என்பதைச் சொல்ல மாட்டார்கள். முழங்கால் வலிக்காரர்கள், தள்ளுவண்டியில் குழந்தை வைத்திருப்பவர்கள் தெருப் படங்களை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். ஏறத் தயார் என்றால் அங்கேதான் பால்கனியிலிருந்து வளைகுடா முழுவதும் தெரிகிற அறைகள் கிடைக்கும்.

பழைய ஊரில் பெரிய ஹோட்டல்கள் குறைவு, சின்னச் சின்ன விடுதிகளும் வாடகை வீடுகளும் இருக்கும். சாப்பாட்டுக்காகவே ஊர் சுற்றுகிறவர்களுக்கு இதுதான் இடம், கதவைத் திறந்தால் சின்னச் சின்னத் தட்டுகளில் தீனி தரும் தப்பாஸ் கடை. இரவு ஒரு மணி வரை தெருவில் பேச்சுச் சத்தம் கேட்கும் என்பதைத் தெரிந்துகொண்டு எடுங்கள்.

குடும்பத்தோடு போகிறவர்களுக்கு நான் தயங்காமல் சொல்வது போனியெந்தே, அதிலும் பழைய ஊருக்குப் பக்கத்துப் பாதி. ஸ்பானியக் குடும்பங்கள் தங்கும் பக்கம் அது. கடற்கரை நீளம் அதிகம் என்பதால் ஆகஸ்டிலும் மூச்சு விட இடம் இருக்கும், மாலையில் சூரியன் மறைவதும் இந்தப் பக்கம்தான். கார்லோஸ் ஃபெர்ராதேர் வடிவமைத்து 2009இல் முடிந்த நடைபாதை இங்கே இருக்கிறது. நீலம், பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பட்டை பட்டையாக ஓடும் தரை, அலை மாதிரியே உள்ளே வளைந்து வெளியே வளைந்து போகும் வெள்ளைக் கைப்பிடிச் சுவர். குழந்தைகள் அந்த நிறம் மாறும் இடங்களை ஒவ்வொன்றாகத் தாண்டிக் குதித்துக்கொண்டே கடற்கரை வரை போய்விடுவார்கள். போனியெந்தேயின் மேற்குக் கடைசியான லா காலா பக்கம் வாடகை குறையும், ஆனால் பழைய ஊருக்கு வர முக்கால் மணி நேரம் நடக்க வேண்டும் அல்லது டவுன் பஸ் பிடிக்க வேண்டும்.

மூன்றாம் படி: ஹோட்டலா, சமையலறை உள்ள அபார்ட்மெண்டா?

இங்கே ஹோட்டல்களில் காலை உணவு மட்டும், இருவேளை, மூவேளை, எல்லாம் சேர்த்து என்று நாலு விதமாக விலை போடுவார்கள். பசி நேரத்துக்குக் குழந்தைகளுக்கு உடனே கிடைக்க வேண்டும் என்றால் இருவேளை நல்ல ஏற்பாடு, மதியம் வெளியே சாப்பிடலாம். எல்லாம் சேர்த்து எடுத்தால் கொடுத்த காசை வசூல் செய்ய நினைத்து ஹோட்டலைவிட்டு நகரவே மாட்டீர்கள், இவ்வளவு நல்ல சாப்பாட்டுக் கடைகள் நடக்கிற தூரத்தில் இருக்கும் ஊரில் அது நஷ்டம்.

சைவக்காரர்களும் பெரிய குடும்பங்களும் சமையலறை உள்ள அபார்ட்மெண்ட் எடுப்பது நல்லது. அரிசி, பருப்பு, தக்காளி, தயிர், கத்தரிக்காய், பச்சை மிளகாய் எல்லாம் சூப்பர்மார்க்கெட்டில் கிடைக்கும். ஒரு சின்ன டப்பாவில் சாம்பார்ப் பொடியும் பெருங்காயமும் எடுத்துப் போனால் போதும். ஞாயிற்றுக்கிழமை எல்லா சூப்பர்மார்க்கெட்டும் திறந்திருக்காது, சனிக்கிழமையே வாங்கி வைத்துவிடுங்கள். வாடகை வீடு எடுக்கும்போது அதற்குச் சுற்றுலாப் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். பதிவு இல்லாத வீட்டுக்கு, அதுவும் முன்பதிவுத் தளத்துக்கு வெளியே வங்கிக் கணக்கில் முன்பணம் போடச் சொன்னால், அங்கேயே விட்டுவிடுங்கள். எங்கே தங்கினாலும் எல்லோருடைய பாஸ்போர்ட்டும் கேட்டுக் குறித்துக்கொள்வார்கள், அது அந்த நாட்டுச் சட்டம்.

அறையில் பார்க்க வேண்டியவை: ஏசி உண்டா, மே மாதத்தில் அதை ஓட விடுகிறார்களா, லாக்கருக்குத் தனிக் காசா. பிளக் வட்டமான இரண்டு முள் வகை, இந்திய மூன்று முள் பிளக்கும் பிரிட்டிஷ் சார்ஜரும் நேராகப் பொருந்தாது, அடாப்டர் வேண்டும்.

நான்காம் படி: விசாவும் மற்ற காகிதங்களும்

இந்தியப் பாஸ்போர்ட் என்றால், ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசா வேண்டும். ஸ்பெயினுக்கு பிஎல்எஸ் நிறுவனம் வழியாக விண்ணப்பிக்க வேண்டும், சென்னையிலும் மையம் உண்டு. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே கொடுக்கலாம், கடைசி வரை காத்திருக்காதீர்கள், கோடைக்கு மையத்தில் சந்திப்பு நேரம் கிடைப்பது சிரமம். பெரியவர்களுக்கு விசாக் கட்டணம் 90 யூரோ, மையத்தின் சேவைக் கட்டணம் தனி. குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு, தங்குமிட உறுதி, போக வர டிக்கெட் பதிவு, வங்கிக் கணக்கு அறிக்கை, வேலை செய்யும் இடத்து விடுப்புக் கடிதம் இவையெல்லாம் தயாராக இருக்கட்டும். பல நாடு சுற்றப் போகிறீர்கள் என்றால் எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வைத்திருக்கும் தமிழர்களுக்கு விசா வேண்டாம், 180 நாளில் 90 நாள் வரை இருக்கலாம். பிரிட்டனில் இந்திய அல்லது இலங்கைப் பாஸ்போர்ட்டோடு வசிப்பவர்களுக்கு அங்குள்ள வசிப்புரிமை மட்டும் போதாது, ஷெங்கன் விசா எடுத்தே ஆக வேண்டும், விமான நிலையத்துக்கு வந்த பிறகு இது தெரிந்து திரும்பிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வருபவர்களுக்கு 2025 அக்டோபரிலிருந்து படிப்படியாகப் புதிய முறை வந்திருக்கிறது, எல்லையில் விரல்ரேகையும் முகப்படமும் எடுப்பார்கள், வரிசை நீளும்.

ஐந்தாம் படி: போய்ச் சேர்வது

அலிகாந்தே விமான நிலையம்தான் வாசல். பிரிட்டனிலிருந்து நேர் விமானங்கள் ஏராளம், சுமார் இரண்டரை மணி நேரப் பயணம். இந்தியாவிலிருந்து வருகிறவர்கள் ஏதாவது ஒரு பெரிய நகரத்தில் மாற வேண்டும். மாட்ரிட்டில் இறங்கி ஒரு நாள் பார்த்துவிட்டு அதிவேக ரயிலில் இரண்டரை மணி நேரத்தில் அலிகாந்தே வருவது எனக்குப் பிடித்த வழி. மாட்ரிட்டில் இரண்டு பெரிய ரயில் நிலையங்கள் உண்டு, டிக்கெட்டில் எந்தப் பெயர் போட்டிருக்கிறது என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

விமான நிலையத்திலிருந்து பெனிடோர்முக்கு சுமார் 60 கிலோமீட்டர். அல்சா பஸ் நேராகப் போகிறது, ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுபோய் விட்டுவிடும், டிக்கெட்டை ஆன்லைனிலேயே எடுத்துக்கொள்ளலாம். பெனிடோர்ம் பஸ் நிலையம் கடற்கரையில் இல்லை, ஊரின் உள்புறம் இருக்கிறது. அங்கிருந்து பெட்டிகளோடு நடக்க நினைக்காமல் டாக்ஸியோ டவுன் பஸ்ஸோ பிடித்துவிடுங்கள். நாலைந்து பேராக இருந்தால் முன்பதிவு செய்த வேன் கட்டுப்படியாகும். அலிகாந்தே நகரத்தைப் பார்த்துவிட்டு வர நினைப்பவர்கள் விமான நிலையத்தில் சி6 பஸ் பிடித்து லுசேரோஸ் இறங்கி, அங்கிருந்து டிராம் 1ஆம் தடத்தில் வரலாம். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், ஆனால் ஜன்னலில் பாதி நேரம் கடல்தான். கார் வாடகைக்கு எடுப்பவர்களுக்கு ஒரு நல்ல செய்தி, இந்தப் பக்கத்து ஏபி-7 நெடுஞ்சாலையில் 2020 முதல் சுங்கம் கிடையாது. ஆனால் ஊருக்குள் கார் ஒரு சுமைதான், பார்க்கிங் தேடியே நேரம் போகும். மலைப்பக்கம் போகும் ஓரிரு நாளுக்கு மட்டும் எடுங்கள்.

ஆறாம் படி: கடற்கரையில் ஒரு நாள்

காலை ஏழு மணிக்கு இறங்கிப் பாருங்கள். இரவெல்லாம் டிராக்டர்கள் மணலைச் சீவிச் சமன் செய்து வைத்திருக்கும், கோடு கோடாக அதன் தடம் இருக்கும். அந்தக் கோட்டை முதலில் மிதிப்பவர்கள் ஸ்பானியத் தாத்தா பாட்டிகள். மடக்கு நாற்காலி ஒரு தோளில், குடை ஒரு தோளில், நேராகத் தண்ணீர் ஓரத்துக்குப் போய் முதல் வரிசையில் ஊன்றி, நாற்காலியை கடலைப் பார்த்துப் போட்டு, கால் நனைய உட்கார்ந்து பேச ஆரம்பித்தால் மதியச் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பார்கள். நீங்களும் ஒரு மடக்கு நாற்காலியும் குடையும் தெருமுனைக் கடையில் வாங்கிக்கொள்ளலாம், ஒரு வாரம் தங்கினால் வாடகைச் சாய்வுக்கட்டிலைவிட மலிவாக முடியும், போகும்போது யாருக்காவது கொடுத்துவிட்டுப் போகலாம்.

விதிகள் சில உண்டு. நள்ளிரவிலிருந்து காலை 7 மணி வரை கடலில் இறங்கக்கூடாது, கடற்கரையில் படுத்துத் தூங்கவும் கூடாது, பிடித்தால் அபராதம். குடையை விடியுமுன் ஊன்றி இடம் பிடித்துவிட்டு அறைக்குப் போவதற்கும் அனுமதி இல்லை. பச்சைக் கொடி என்றால் இறங்கலாம், மஞ்சள் என்றால் கவனம், சிவப்பு என்றால் தண்ணீரே வேண்டாம். ஜெல்லிமீன் படம் போட்ட கொடி பறந்தால் குழந்தைகளை இறக்காதீர்கள், கொட்டிவிட்டால் தேய்க்காமல், நல்ல தண்ணீர் ஊற்றாமல், உயிர்காப்பாளர் நிலையத்துக்குக் கூட்டிப் போங்கள்.

வெயில் நம்ம ஊர் வெயில்தானே என்று நினைக்க வேண்டாம். காற்று அடிப்பதால் சூடு தெரியாது, தோல் எரிவது சாயங்காலம்தான் தெரியும். கறுப்புத் தோலுக்கும் சன் க்ரீம் வேண்டும், குழந்தைகளுக்கு முழுக்கை நீச்சல் சட்டை இன்னும் நல்லது. மதியம் ஒன்றிலிருந்து ஐந்து வரை அறைக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கிவிட்டு, ஐந்தரைக்கு மறுபடி இறங்குங்கள். அந்த நேரத்துக் கடல்தான் ஒரு நாளில் சிறந்த கடல், ஜூன், ஜூலையில் இரவு ஒன்பது வரை வெளிச்சம் இருக்கும்.

குழாயைத் திறந்து விட்டுக் குளிக்கும் பழக்கத்தை மட்டும் கொஞ்சம் அடக்கிக்கொள்ளுங்கள். மழை குறைந்த கரை இது. 1978 வறட்சியில் இந்த ஊருக்குக் கப்பலில் தண்ணீர் கொண்டுவர வேண்டியிருந்தது, அதை ஊர்க்காரர்கள் இன்னும் மறக்கவில்லை.

ஏழாம் படி: சாப்பாடு

நேரத்தை முதலில் சரி செய்யுங்கள். உள்ளூர்க்காரர்கள் மதியச் சாப்பாடு சாப்பிடுவது இரண்டிலிருந்து நான்குக்குள், இரவு ஒன்பதுக்கு மேல். மாலை ஆறு மணிக்கு நல்ல ஸ்பானிய உணவகத்தில் அடுப்பே பற்ற வைத்திருக்க மாட்டார்கள். மதியம் "மெனு தெல் தியா" என்று பலகை வைத்திருப்பார்கள். முதல் தட்டு, இரண்டாம் தட்டு, இனிப்பு அல்லது காபி, பல இடங்களில் குடிக்கவும் ஒன்று, எல்லாம் ஒரே விலையில். வயிறு நிறைய, காசு மிச்சமாகச் சாப்பிட இதுதான் வழி. இரவுக்குப் பழைய ஊரின் சாந்தோ தொமிங்கோ தெருவும் அதைச் சுற்றிய சந்துகளும். ரொட்டித் துண்டின் மேல் ஏதாவது வைத்துக் குச்சி குத்திய பின்ச்சோ வரிசை வரிசையாக இருக்கும், வேண்டியதை எடுத்துக்கொண்டு கடைசியில் குச்சியை எண்ணிக் காசு கொடுப்பீர்கள்.

இது அரிசி ஊர். தட்டையான பெரிய சட்டியில் செய்யும் பயேயா மட்டும் அல்ல, மீன் வேகவைத்த சாற்றில் சமைக்கும் அரோஸ் ஆ பாந்தா, ஓடு முள் எல்லாம் நீக்கி வைத்த கடலுணவோடு வரும் அரோஸ் தெல் செஞோரெட், சேமியாவில் செய்யும் ஃபிதெவா என்று வகை பல. குறைந்தது இரண்டு பேருக்குத்தான் செய்வார்கள், இருபது இருபத்தைந்து நிமிஷம் காத்திருக்க வேண்டும். ஐந்து நிமிஷத்தில் மேஜைக்கு வந்தால் அது உறைய வைத்துச் சூடு பண்ணியது என்று வைத்துக்கொள்ளலாம், வாசலில் கலர் படம் போட்ட பலகையைத் தவிர்த்துவிடுங்கள். நல்ல பயேயாவில் சோறு மெல்லிசாகப் பரவியிருக்கும், சட்டியின் அடியில் பொன்னிறமாகப் பிடித்த காந்தலை கரண்டியால் சுரண்டி எடுத்துச் சாப்பிடுவார்கள். அதற்குத்தான் வீட்டில் சண்டையே. உள்ளூர்க்காரர்கள் பயேயாவை மதியம் சாப்பிடுவார்கள், நீங்களும் மதியமே கேளுங்கள், புதுசாகக் கிடைக்கும்.

சைவக்காரர்கள் இதைக் கவனமாகப் படியுங்கள். "வெஹெதால்" என்று எழுதிய சாண்ட்விச்சில் பெரும்பாலும் சூரை மீனும் முட்டையும் இருக்கும். கலவை சாலட் என்று கேட்டாலும் மேலே சூரை மீனைத் தூவிவிடுவார்கள். கீரை, பீன்ஸ் பொரியல் மாதிரி இருப்பதில் பன்றிக்கறித் துண்டு கிடக்கும், அதை அவர்கள் கறியாகவே கணக்கில் எடுப்பதில்லை. ஆகவே "சின் கார்னே, சின் பெஸ்காதோ, சின் அதூன், சின் ஹமோன்" என்று நான்கையும் சொல்லிவிடுங்கள், கறி, மீன், சூரை, பன்றிக்கறி எதுவும் வேண்டாம் என்று அர்த்தம். நம்பிக் கேட்கக் கூடியவை: தக்காளி தேய்த்த ரொட்டி, உப்புத் தூவிப் பொரித்த பத்ரோன் மிளகாய், தேன் ஊற்றிய கத்தரிக்காய் வறுவல், காரச் சாஸ் ஊற்றிய பொரித்த உருளைக்கிழங்கு பிராவாஸ், காஸ்பாச்சோ என்ற குளிர்ந்த தக்காளி சூப், முட்டை சாப்பிடுவீர்கள் என்றால் உருளைக்கிழங்கு போட்ட ஆம்லெட்டான தொர்த்தியா. நாலைந்து நாளில் இது அலுத்துவிட்டால் லெவாந்தே பக்கத்தில் இந்திய உணவகங்கள் இருக்கின்றன.

கோரைக்கிழங்கில் செய்யும் ஓர்ச்சாத்தா என்ற குளிர்பானத்தைக் குடிக்காமல் வராதீர்கள். ஏப்ரல், மே மாதங்களில் போனால் பக்கத்துக் கய்யோசா ஊரில் விளையும் நிஸ்பெரோ பழம், மஞ்சளாக, புளிப்பும் இனிப்புமாக, கடைகளில் குவிந்திருக்கும். குழாய்த் தண்ணீர் குடிக்கலாம், ருசிதான் சுமார், பலரும் பாட்டில் வாங்குவார்கள்.

எட்டாம் படி: கடற்கரையை விட்டு வெளியே

ஊருக்குள் பார்க்க வேண்டியது பழைய ஊரின் முனை. பதினெட்டாம் நூற்றாண்டு சான் ஹைமே தேவாலயத்தின் நீல ஓட்டுக் கவிகைகளைத் தாண்டிப் போனால், கோட்டை இருந்த இடத்தில் வெள்ளைக் கைப்பிடி போட்ட மேடை, கீழே படியிறங்கினால் கடலின் மேல் நிற்கிற மாதிரி ஒரு பால்கனி. இரண்டு கடற்கரையும் இரண்டு கை மாதிரி விரிந்து தெரியும். பகலில் கூட்டம், காலை எட்டு மணிக்கு முன் யாரும் இல்லை.

அங்கிருந்து எதிரே தெரியும் முக்கோணத் தீவுக்குத் துறைமுகத்திலிருந்து படகு போகும். பின்பக்கம் திரும்பினால் 1,400 மீட்டருக்கு மேல் உயர்ந்த புச் கம்பானா மலை, அதன் உச்சிக்குப் பக்கத்தில் கத்தியால் வெட்டியது மாதிரி சதுரமாக ஒரு பள்ளம். ரோல்தான் என்ற ராட்சதனின் காதலி அன்றைய கடைசி வெயில் மறையும்போது இறந்துவிடுவாள் என்றிருந்ததாம், வெயில் இன்னும் கொஞ்ச நேரம் அவள் மேல் விழட்டும் என்று அவன் மலையில் ஒரு துண்டைப் பெயர்த்து எறிந்தானாம், அது விழுந்த இடம்தான் இந்தத் தீவு. தீவைக் குழந்தைகளுக்குக் காட்டும்போது அந்தப் பள்ளத்தையும் சேர்த்துக் காட்டுங்கள்.

நடக்கப் பிடித்தவர்களுக்கு இரண்டு வழி. ரின்கோன் தே லோயிஷிலிருந்து செர்ரா ஜெலாதா மலைமேல் இருக்கும் சிலுவைக்கு சுமார் ஒரு மணி நேர ஏற்றம், தார்ச்சாலைதான், ஆனால் செங்குத்து. மாலையில் ஏறி, கோபுரங்களில் விளக்கு எரியத் தொடங்குவதைப் பார்த்துவிட்டு டார்ச்சோடு இறங்குங்கள். ஏற முடியாதவர்கள் பக்கத்து ஊரான அல்பீருக்குப் பஸ்ஸில் போய் அங்கிருந்து கலங்கரை விளக்கம் வரை நடக்கலாம், போக வர சுமார் 5 கிலோமீட்டர், தள்ளுவண்டியும் போகும். நிழல் குறைவு, தண்ணீர் எடுத்துப் போங்கள்.

டிராமில் ஒரு பக்கம் போனால் வில்லாஹோயோசா. மீனவர்கள் கடலிலிருந்தே தங்கள் வீட்டை அடையாளம் காண்பதற்காகத் தீட்டியது என்று சொல்லப்படும் பல நிற வீடுகள், 1881இல் தொடங்கிய வலோர் சாக்லேட் ஆலையும் அதன் அருங்காட்சியகமும். மறுபக்கம் போனால் அல்தேயா, வெள்ளை வீடுகளும் கல் பாவிய ஏற்றமும், உச்சியில் நீலக் கவிகைத் தேவாலயமும். இன்னும் தள்ளி கால்பே, கடலிலிருந்து நேராக 332 மீட்டர் எழுந்து நிற்கும் இஃபாக் பாறை. ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் அல்தேயாவுக்குப் போங்கள், சாயங்காலமாக.

கார் இருக்கும் அன்றைக்குக் குவாதலெஸ்டும் அல்கார் அருவியும். குவாதலெஸ்ட் பாறையைக் குடைந்த வழியாக உள்ளே நுழையும் குட்டி மலைக்கோட்டை ஊர், கீழே பச்சை நீல நிறத்தில் நீர்த்தேக்கம். பத்து மணிக்கு முன் போய்விடுங்கள், பிறகு சுற்றுலா பஸ்கள் வந்துவிடும். அல்காரில் நுழைவுக் கட்டணம் உண்டு. ஆகஸ்டிலும் தண்ணீர் பல் கிட்டுகிற குளிர்ச்சி, பாறை வழுக்கும் என்பதால் ரப்பர்ச் செருப்பு கட்டாயம்.

பிள்ளைகளுக்குத் தண்ணீர்ப் பூங்கா அக்வாலாந்தியா, ரோலர் கோஸ்டர் வகைக்கு 2000இல் திறந்த தெர்ரா மீத்திகா. இரண்டும் குளிர்காலத்தில் மூடியிருக்கும், திறப்பு நாட்களைப் பார்த்துவிட்டு ஆன்லைனில் டிக்கெட் எடுங்கள்.

ஏமாறாமல் இருக்க

லெவாந்தே நடைபாதையில் ஒரு அட்டைப் பெட்டியோ சின்ன மேஜையோ போட்டு, மூன்று மூடிகளை வேக வேகமாக மாற்றி, உருண்டை எதன் அடியில் என்று கேட்பார்கள். சுற்றி நின்று ஐம்பது யூரோ ஜெயித்துச் சிரிப்பவர் அவர்கள் ஆள், பக்கத்தில் வேடிக்கை பார்ப்பது மாதிரி நிற்கும் பெண்மணியும் அவர்கள் ஆள், தெருமுனையில் போலீஸ் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பவரும் அவர்கள் ஆள்தான். நின்று பார்க்கவே வேண்டாம், கூட்டத்தில் பாக்கெட்டும் போகும். கையில் பூவைத் திணிக்க வருபவர்களிடம் கையை நீட்டாமல் "நோ, கிராசியாஸ்" என்று சொல்லி நடங்கள்.

கடலுக்குப் போகும்போது பாஸ்போர்ட்டை அறை லாக்கரில் வைத்துவிட்டு அதன் நகலை மட்டும் எடுங்கள். ஏடிஎம்மிலும் கடையிலும் உங்கள் நாட்டுப் பணத்திலா யூரோவிலா என்று கேட்டால் யூரோ என்றே அழுத்துங்கள், மற்றதில் மாற்று விகிதம் உங்களுக்கு நஷ்டமாகத்தான் வரும். உடம்புக்கு முடியவில்லை என்றால் பச்சைச் சிலுவை எரியும் மருந்துக்கடை, அவசரம் என்றால் எதற்கும் 112.

கிளம்பும் நாள்

மாலை விமானம் என்றால் அந்த நாளையும் வீணாக்க வேண்டாம். பன்னிரண்டு மணிக்குள் அறையைக் காலி செய்யச் சொல்வார்கள், பெட்டிகளை ஹோட்டலின் பெட்டி அறையில் போட்டுவிட்டு, மாற்று உடையைக் கைப்பையில் வைத்துக்கொண்டு மறுபடி கடலுக்குப் போகலாம். பல ஹோட்டல்களில் கிளம்புகிறவர்கள் குளிக்கவென்றே ஒரு அறை உண்டு, ரிசப்ஷனில் முந்தின நாளே கேட்டு வையுங்கள். விமான நிலைய பஸ்ஸுக்கு முன்கூட்டியே டிக்கெட் எடுங்கள், கோடைச் சனிக்கிழமைகளில் நிரம்பிவிடும். பிரிட்டனுக்கோ இந்தியாவுக்கோ போகிறவர்களுக்குப் பாதுகாப்புச் சோதனைக்குப் பிறகு பாஸ்போர்ட் வரிசை ஒன்றும் தனியாக இருக்கிறது. அதனால் விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்பே அலிகாந்தேயில் இருக்கிற மாதிரி பஸ்ஸைப் பிடியுங்கள்.